கூட யார், எந்தக் கட்டம்: நகரத்தில் சைக்கிள் ஓட்டத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நகரத்தில் புதிதாகச் சைக்கிள் வாங்கியவர்கள் முதல் மாதம் ஆசையாக மிதிப்பார்கள். மூன்றாம் மாதம் அது மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நிற்கும். ஏன் என்று கேட்டால் கால் வலி, வெயில், மழை, நெரிசல் என்று பதில் வரும். இன்னும் கொஞ்சம் துருவிக் கேட்டால் வேறு காரணம் தெரியவரும். கூட வந்த நண்பர் வேலை மாறிப் போயிருப்பார். "ஏன் இந்த வம்பு?" என்று வீட்டில் தினமும் கேட்டிருப்பார்கள். குழந்தையைப் பள்ளியில் விடும் பொறுப்பு புதிதாக வந்து சேர்ந்திருக்கும். வண்டியும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. சுற்றியிருக்கும் ஆட்களும் வாழ்க்கைக் கட்டமும் மாறிவிட்டன.

அதனால் எந்த மாடல், எத்தனை கியர் என்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, அதற்கு முன்னால் செய்யவேண்டியதிலிருந்து தொடங்குவோம்.

முதல் வேலை: வாரத்தைத் தாளில் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் ஏழு நாட்களையும் எழுதி, ஒவ்வொரு நாளும் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒவ்வொரு பயணத்துக்கும் ஐந்து விவரம் குறியுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்கு, கூட யார், கையில் என்ன சுமை. முதல் மூன்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். சைக்கிள் நிலைக்குமா நிலைக்காதா என்பதைச் சொல்வது கடைசி இரண்டும்தான்.

புதியவர் நகரச் சாலையில், சிக்னல்களில் நிற்பதையும் சேர்த்து, மணிக்கு 12 முதல் 15 கி.மீ. வேகத்தில் போவார். 5 கி.மீ. என்றால் 20 முதல் 25 நிமிடம். தாளில் 5 கி.மீ.க்குள் இருக்கும், தனியாகப் போகும், 8 கிலோவுக்கு மேல் சுமை இல்லாத, நேரம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லாத இரண்டு பயணங்களை வட்டமிடுங்கள். நூலகம், மருந்துக்கடை, மாலை வகுப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். தொடக்கம் அந்த இரண்டும்தான்.

பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திங்கள் காலை, 11 கி.மீ. தொலைவிலுள்ள அலுவலகம், ஒன்பதரைக்குக் கூட்டம். வாரத்திலேயே கடினமான பயணத்தை எடுத்துக்கொண்டு நான்காம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

சிலருடைய தாளில் பயணங்கள் தனித்தனியாக இருக்காது, சங்கிலியாக இருக்கும். குழந்தையைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து வேலைக்குப் போய், திரும்பும் வழியில் காய்கறி வாங்கி, வயதான அம்மாவைப் பார்த்துவிட்டு வீடு திரும்புபவருக்கு அது ஒரே பயணம். அதில் ஒரு கண்ணி சைக்கிளுக்கு ஒத்துவரவில்லை என்றால் முழுச் சங்கிலியும் ஒத்துவராது. வீட்டுப் பொறுப்பு அதிகம் சுமப்பவர்களுக்குச் சைக்கிள் கைகூடாமல் போவதற்கு இது பெரிய காரணம். அவர்களைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். அவர்கள் சங்கிலி இல்லாத ஒரு நாளையோ, ஒரு மாலைப் பயணத்தையோ மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளட்டும்.

பயம் இருந்தால் நீங்கள் தனி ஆளில்லை. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சைக்கிள் திட்டப் பொறுப்பாளராக இருந்த ரோஜர் கெல்லர், 2006-இல் நகர மக்களை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார். எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுபவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஓரளவு நம்பிக்கையோடு ஓட்டுபவர்கள் 7 சதவீதம். எப்படியும் ஓட்டமாட்டேன் என்பவர்கள் 33 சதவீதம். மீதி 60 சதவீதம் பேர் ஆசையும் பயமும் சேர்ந்தவர்கள். அது அவர் நகரத்துக்கான மதிப்பீடுதான். ஆனால் சைக்கிள் கற்றுக்கொடுப்பவர்கள் எங்கும் சந்திப்பது பெரும்பாலும் அந்த 60 சதவீதத்தைத்தான்.

இரண்டாவது: ஒரே ஒரு துணையைப் பிடியுங்கள்

குழுவில் சேர இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது தேவை ஒரே ஒருவர். உங்கள் வழியில், உங்கள் நேரத்தில், ஏற்கெனவே சைக்கிளில் போகிறவர். வேலை இடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் எந்தச் சைக்கிள் தினமும் நிற்கிறது என்று பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். "அண்ணே, நீங்க எந்த வழியா வர்றீங்க? லீவு நாள்ல ஒரு தடவை அந்த வழியா என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? அரை மணி நேரம் போதும்" என்று கேளுங்கள். நாள், வழி, நேரம் மூன்றும் அந்தக் கேள்வியில் இருப்பதால் மறுக்கமாட்டார்கள். "ஒருநாள் சேர்ந்து ஓட்டலாம்" என்று பொதுவாகச் சொன்னால் அந்த ஒருநாள் வரவே வராது.

முதல் ஓட்டம் விடுமுறை நாள் அதிகாலையில் இருக்கட்டும். பழகியவர் முன்னால், நீங்கள் பின்னால். பேருந்து நிறுத்தத்தை அவர் எப்படிக் கடக்கிறார், சந்திப்பில் எங்கே நிற்கிறார் என்று பார்த்து அப்படியே செய்யுங்கள். நிறுத்திவைத்த கார்களிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறார் என்பதையும் கவனியுங்கள். கதவு திறந்தாலும் தட்டாத அளவுக்கு, 1 மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். இரண்டாம் முறை வழக்கமான வேலை நாள் நேரத்தில் போங்கள். அப்போது நீங்கள் முன்னால், அவர் பின்னால். மூன்றாம் முறை தனியாகப் போய், சேர்ந்ததும் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.

இருவருக்கும் நடுவே இரண்டு சைக்கிள் நீளம், ஏறக்குறைய மூன்றரை மீட்டர் இருக்கவேண்டும். பேச்சு சுவாரசியத்தில் பின்னால் வருபவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நுழைந்துவிடும். முன்னவர் ஒரு பள்ளத்தைக் கண்டு லேசாக வளைந்தாலும் இரண்டு சக்கரமும் உரசும். விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான், ஏனென்றால் தட்டுப்பட்டது அவர் திருப்பும் சக்கரம். நண்பர்களோடு போகும்போது நடக்கும் விழுதல்களில் இது மிகச் சாதாரணம். பேசவேண்டியதைச் சிக்னலில் பேசிக்கொள்ளுங்கள்.

துணையால் ஒரு சிக்கலும் உண்டு. அவர் விடுப்பு எடுத்தால் நீங்களும் எடுத்துவிடுவீர்கள். அதனால் இரண்டாம் வாரத்திலிருந்தே வாரத்தில் ஒரு நாளைத் தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஊர் மாறிப் போனாலும் உங்கள் பழக்கம் தங்கும்.

மூன்றாவது: வீட்டில் இருப்பவர்களின் பயம்

வீட்டாரோடு வாதாட வேண்டாம். அவர்களின் பயத்தில் பாதி, நீங்கள் எந்த வழியில் போகிறீர்கள் என்று தெரியாததால் வருவது. பெரிய சாலையின் நடுவில் லாரிகளுக்கு இடையே நீங்கள் போவதாக அவர்கள் மனத்தில் ஒரு படம் ஓடுகிறது. ஒருநாள் மாலை அவர்களை அதே வழியில் நடத்திக் கூட்டிப்போங்கள். முழுவதும் வேண்டாம், அவர்கள் அஞ்சும் சந்திப்பு வரை போதும். "இங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பேன்" என்று காட்டுங்கள். காட்டியபடியே நடந்துகொள்ளுங்கள்.

அடுத்தது கைபேசி. சேரும் நேரத்தைச் சொல்லும்போது 15 நிமிடம் கூட்டிச் சொல்லுங்கள். 25 நிமிடம் ஆகும் என்றால் "40 நிமிடத்தில் செய்தி போடுகிறேன்" என்று சொல்லுங்கள். ஓட்டும்போது எடுக்கமாட்டேன் என்பதையும் முதலிலேயே பேசிவையுங்கள். இல்லாவிட்டால் பங்க்சர் ஆகிப் பத்து நிமிடம் தாமதமான அன்றைக்கு ஏழு அழைப்பு வந்திருக்கும். மறுநாள் வீட்டில் சைக்கிள் பேச்சையே எடுக்க முடியாது.

இருட்டிய பிறகு திரும்பும் பெண்களுக்கு வீட்டாரின் கவலை விபத்தைப் பற்றியது மட்டுமில்லை. ஆள் நடமாட்டமும் கடை வெளிச்சமும் உள்ள வழி, குறுக்குவழியைவிட ஒரு கிலோமீட்டர் அதிகமானாலும் அதுவே நல்லது. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு வழி வைத்துக்கொள்ளுங்கள். பம்ப்பும் மாற்று டியூபும் டயர் கழற்றும் லீவரும் பையில் இருந்து, அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருந்தால், பாதி வழியில் யாருடைய உதவிக்கும் காத்து நிற்க வேண்டியதில்லை. வீட்டில் இரண்டுமுறை டியூப் மாற்றிப் பழகினால் மூன்றாம் முறை 15 நிமிடத்தில் முடியும்.

நான்காவது: வேலை இடம்

ஒரு அலுவலகத்தில் ஒருவர் சைக்கிளில் வந்தால் அது அவருடைய விநோதம். நான்கு பேர் வந்தால் நிறுத்துமிடம் கேட்கலாம். அந்த நான்காவது ஆளாக இருப்பது எளிது, முதல் ஆளாக இருப்பதுதான் கடினம். முதல் ஆள் நீங்கள் என்றால் கவனிக்கவேண்டியவை இரண்டு.

ஒன்று வியர்வை. வியர்வை அதிகம் தெரிவது ஓட்டும்போது இல்லை, நின்ற பிறகு. ஓடும்போது காற்று ஆற்றிக்கொண்டே வருகிறது. நின்றதும் அது போய்விடும், உடலின் சூடு மட்டும் தங்கும். ஆகவே கடைசி 1 கி.மீ.யை நடை வேகத்துக்குச் சற்று மேலாக மெதுவாக ஓட்டுங்கள். சேர்ந்ததும் உடனே சட்டை மாற்றாமல் 10 நிமிடம் காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். அதன்பின் ஈரத்துண்டால் துடைத்துவிட்டு மாற்றுங்கள். வந்த உடனே மாற்றினால் மாற்றிய சட்டையும் நனையும். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டினால் முதுகு நனைவது பெருமளவு குறையும்.

இரண்டாவது, வண்டி நிற்கும் இடம். கண்ணுக்கெட்டிய, ஆட்கள் வந்துபோகும் இடத்தில், தரையில் ஊன்றிய கம்பியோடு பூட்டுங்கள். பூட்டு, வண்டியின் சட்டத்தையும் (ஃபிரேம்) பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால் அதை விட்டுவிட்டு மீதியைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

உடன் வேலை செய்பவர்கள் "பெட்ரோல் மிச்சமா?" என்று சிரிப்பார்கள். அது சில வாரம்தான். அதற்குள் ஒருவராவது சீட் உயரம் பற்றிக் கேட்க வந்துவிடுவார். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். முழங்கால் வலி என்று விட்டவர்களில் பலருக்கு சீட் தாழ்வாக இருந்ததுதான் காரணம். அந்த ஒரு திருத்தத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

பழக்கம் உடனே ஒட்டவில்லையே என்று கலங்கவேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள். நடுவே ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய கேடு எதுவும் இல்லை என்பதையும் அதில் கண்டார்கள். மழை நாளில் பேருந்தில் போவது தோல்வி இல்லை.

ஐந்தாவது: குழு

தனியாக 10 கி.மீ. போய்வரத் தெரிந்த பிறகு குழுவில் சேருங்கள். சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை கி.மீ., சராசரி வேகம் என்ன, பின்தங்கினால் காத்திருப்பீர்களா. நீங்கள் மணிக்கு 15 கி.மீ. ஓட்டுபவர், குழு 25 ஓட்டுகிறது என்றால் அது உங்களுக்கானதில்லை; முதல் ஏற்றத்திலேயே தனியாகிவிடுவீர்கள். புதியவர்களை உண்மையாகவே மதிக்கும் குழுவில் மெதுவாகப் போகிறவர் முன்வரிசைக்கு அடுத்து வருவார், கடைசியில் பழகிய ஒருவர் கட்டாயம் வருவார். இந்த ஏற்பாடு இல்லாத குழு எவ்வளவு அன்பாகப் பேசினாலும் யோசியுங்கள்.

குழுக்களில் இன்னொரு விஷயமும் நடக்கும். மூன்று வாரத்தில் உங்கள் வண்டி மட்டமாகத் தெரியத் தொடங்கும். எல்லோரிடமும் இருக்கும் மெல்லிய டயர் உங்களுக்கும் வேண்டும்போல் இருக்கும். வார இறுதிக் குழுவுக்கு ஏற்ற வண்டி, காய்கறிப் பை மாட்டும் வண்டியாக இருக்காது. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு மூன்றும் இல்லாத சைக்கிளை வாங்கிவிட்டு வாரநாள் பயணங்களை நிறுத்தியவர்கள் நிறையப் பேர். உங்கள் தாளில் வட்டமிட்ட பயணங்களை வைத்து முடிவெடுங்கள். நகரத்துக்கு 35 முதல் 42 மி.மீ. அகல டயர் பொருத்தம். காற்றழுத்தம் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் இருக்கட்டும்.

கட்டம் மாறும்போது

படிக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு நண்பர்கள்தான் எல்லாம். கூட்டாளிகள் சைக்கிளில் வந்தால் வருவார்கள், ஸ்கூட்டருக்கு மாறினால் இவர்களும் மாறுவார்கள். பெற்றோர் செய்யக்கூடியது, அனுமதியைப் படிப்படியாகக் கொடுப்பது. முதலில் பின்னாலேயே கூட வருதல். பிறகு கடினமான சந்திப்பில் மட்டும் நின்று பார்த்தல். பிறகு போய்ச்சேரும் இடத்தில் காத்திருத்தல். கடைசியாக ஒரு நண்பரோடு தனியே அனுப்புதல். ஒவ்வொரு படிக்கும் இரண்டு வாரமாவது கொடுங்கள்.

வீடு மாறுவதும் வேலை மாறுவதும் நல்ல வாய்ப்பு. பழைய பழக்கங்கள் பழைய வழியோடு ஒட்டியிருப்பவை. இடம் மாறினால் அவை தளரும். பாஸ் வெர்பிளாங்கனும் டெபோரா ராயும் இங்கிலாந்தில் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வீடு மாறிய முதல் மூன்று மாதத்துக்குள் புதிய பழக்கங்கள் எளிதாக ஏறுவதாகக் கண்டார்கள். பெட்டிகளைப் பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அந்த வாய்ப்பு கைநழுவும். வீடு பார்க்கப் போகும் நாளிலேயே அங்கிருந்து வேலை இடத்துக்குச் சைக்கிள் வழி உண்டா, வண்டியைப் படியேற்றாமல் வைக்க இடம் உண்டா என்று பாருங்கள். மூன்றாம் மாடிக்குத் தினமும் தூக்கவேண்டிய வண்டி சீக்கிரமே தூக்கப்படாமல் போகும்.

குழந்தை பிறக்கும்போதுதான் மிகப் பலர் நிறுத்துகிறார்கள். நிறுத்துவது தவறே இல்லை. மீண்டும் தொடங்க நினைப்பவர்களுக்குச் சில விவரம் உதவும்.

குழந்தை தானாக நிமிர்ந்து உட்காரவும், ஹெல்மெட் போட்ட தலையைத் தாங்கவும் முடிந்த பிறகே இருக்கையில் வைக்கலாம். ஒரு வயதுக்கு முன் அவசரம் வேண்டாம். ஐயம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பின் இருக்கைகள் பெரும்பாலும் 22 கிலோ வரை தாங்கும், முன் இருக்கைகள் 15 கிலோ வரை. கேரியரில் பொருத்தும் இருக்கை என்றால் கேரியரின் தாங்குதிறனையும் பாருங்கள். அதன் மேலேயே பொறித்திருக்கும். 25 கிலோ கேரியரில் 4 கிலோ இருக்கையும் 18 கிலோ குழந்தையும் சேர்ந்தால் 22. பள்ளிப்பை ஒன்று தொங்கவிட்டால் எல்லை வந்துவிட்டது.

வெறும் கேரியரில் குழந்தையை உட்காரவைத்து ஓட்டவே கூடாது. தூக்கக் கலக்கத்தில் கால் உள்ளே போகும், ஸ்போக்கில் சிக்கும். கணுக்கால் சதை கிழிவதும் எலும்பு முறிவதும் இப்படித்தான். பாதத்தைக் கட்டிவைக்கும் வாரும் சக்கரத்தை மறைக்கும் தடுப்பும் உள்ள இருக்கையே வேண்டும். உங்கள் சீட்டுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் இருந்தால் அதையும் மூடுங்கள். பின்னால் இருக்கும் குழந்தையின் விரல் அங்கேதான் போகும்.

ஓட்டும்போது விழுவதைவிட, நிற்கும்போது சாய்வதுதான் இந்தக் கட்டத்தின் விபத்து. ஒற்றைக்கால் ஸ்டாண்டில் வண்டியைச் சாய்த்து நிறுத்தி, குழந்தையை ஏற்றி, வார் மாட்டக் குனிவார்கள். குழந்தை பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். வண்டி அப்படியே சரியும். இரட்டைக்கால் ஸ்டாண்டு போடுங்கள். ஏற்றும் வரிசை இது: முதலில் பைகள், பிறகு குழந்தைக்கு ஹெல்மெட், கடைசியில் குழந்தை. இறக்கும்போது முதலில் குழந்தை, பிறகுதான் மற்றவை. வார் மாட்டும்போது உங்கள் இடுப்பு வண்டியில் அணைந்திருக்கட்டும், ஒரு கை எப்போதும் குழந்தைமேல் இருக்கட்டும். முதல் மூன்று ஓட்டத்தைக் குழந்தைக்குப் பதிலாக 10 கிலோ அரிசி மூட்டையைக் கட்டிப் பழகுங்கள். திருப்பத்தில் பின்பக்கம் இழுப்பதும் பிரேக் பிடித்து நிற்க நீளம் கூடுவதும் அப்போது கைக்குப் புரியும்.

ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் இருக்கவேண்டும். வார்கள் காதுக்குக் கீழே சேரவேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும்.

அதே வழியில் பள்ளிக்குப் போகும் வேறு இரண்டு குடும்பம் கிடைத்தால் முறை வைத்துக்கொள்ளலாம். பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், தாமாக ஓட்டும் பிள்ளைகள் நடுவில். தனியாக ஒரு பெரியவர் மட்டும் என்றால் பிள்ளைக்குப் பின்னால், போக்குவரத்துப் பக்கமாகச் சற்று விலகி வரவேண்டும்.

வயதில் மூத்தவர்களுக்கு வண்டியின் வடிவமே முக்கியம். காலைத் தூக்கிப் போடாமல் நடுவே நுழைந்து ஏறும் தாழ்ந்த சட்டம் எடுங்கள். சீட்டை, உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படும் அளவுக்கு முதலில் இறக்குங்கள். நம்பிக்கை வந்த பிறகு ஒரு சென்டிமீட்டராக ஏற்றலாம். மிதிக்கத் திறன் கொஞ்சம் குறையும், அது பரவாயில்லை. கழுத்து திரும்பக் கடினமாக இருந்தால் ஹேண்டில்பாரில் கண்ணாடி பொருத்துங்கள். மின்சாரச் சைக்கிள் ஏற்றத்தில் நல்ல துணை, ஆனால் பல மாடல்கள் 20 கிலோவுக்கு மேல் எடை. ஏறி உட்காரும்போது பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் பெடலில் கால் வைத்தால் சில வண்டிகள் சட்டென்று முன்னால் பாயும். தலைசுற்றல் தரும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சேர்ந்து ஓட்டிய வட்டமும் கலைந்துவிடுகிறது. காலை ஏழு மணிக்கு ஒரே இடத்தில் சந்திக்கும் மூன்று பேர் இருந்தால் அவர்கள் தொடர்கிறார்கள்.

இடைவெளி விழுந்தால்

பிரசவம், நோய், இரவு வேலை, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் காலம் என்று நிறுத்தவேண்டிய கட்டம் வரும். அப்போது வண்டியை விற்காதீர்கள், மறைத்தும் வைக்காதீர்கள். கண்ணில் படும் இடத்தில், வெயில் படாமல் நிற்கட்டும். ஓட்டாவிட்டாலும் டியூபில் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். காற்றில்லாத டயர் வண்டியின் எடையில் மடிந்து, மடிந்த இடத்தில் வெடிப்பு விழும். மாதம் ஒருமுறை காற்றடியுங்கள், செயினில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டுத் துடையுங்கள்.

மீண்டும் எடுக்கும் நாளில் டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு, பிரேக் ரப்பரின் இறுக்கம், பிரேக் கம்பியில் துரு, செயினில் விறைத்த கண்ணி நான்கையும் பாருங்கள். முதல் ஓட்டம் 2 கி.மீ.க்கு மேல் வேண்டாம். புதிய தாள் எடுத்து வாரத்தை மறுபடி எழுதுங்கள். பழைய பயணங்களில் பாதி இப்போது அதில் இருக்காது. சீட் உயரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள், இடையில் வீட்டில் வேறு யாராவது எடுத்து ஓட்டியிருப்பார்கள்.